அமுக்கரா எடுத்தா விந்தணு கூடுமா? தம்பலகாமத்திலிருந்து ஒரு கேள்வி

தம்பைநகரான்:

எல்லாருக்கும் வணக்கம். சொந்தப் பேர் போட விருப்பமில்ல, குறை நினைக்காதீங்க.

தம்பலகாமத்தில வயல் செய்யிறன். வெட்டுக் காலத்தில நெல் வெட்டுற மெசினும் ஓட்டுவன். வயசு 34. கலியாணம் முடிச்சு மூண்டு வருசம் தாண்டிட்டுது, பிள்ளை இல்ல. மனுசிக்கு ஸ்கான், ஹோர்மோன், குழாய்க்கு மருந்து விட்டு எடுக்கிற எக்ஸ்ரே எல்லாம் எடுத்து, எல்லாம் சரி எண்டு சொல்லிட்டாங்க. அதுக்குப் பிறகுதான் டொக்டர் என்ட பக்கம் திரும்பி, "நீங்க எஸ்.எஃப்.ஏ. எடுத்தீங்களா" எண்டு கேட்டவர். விந்தைச் சோதிக்கிற டெஸ்ட் அது.

டவுனில ஒரு லாப்பில குடுத்தன். மூண்டு கிழமைக்கு முதல் வந்த ரிப்போர்ட் இது: அளவு 2 மில்லிலீற்றர். எண்ணிக்கை ஒரு மில்லிலீற்றருக்கு 9 மில்லியன். அசையிறது 31 வீதம். சரியான வடிவம் 3 வீதம். டொக்டர் விற்றமின் குளிசை எழுதி, மூண்டு மாசத்தால திரும்ப எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கார்.

இதுக்கிடையில மனுசியின்ட மாமா ஒருத்தர் நாட்டு மருந்துக் கடையில அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம் வாங்கித் தந்திருக்கார். காலையும் இரவும் ஒவ்வொரு தேக்கரண்டி பாலில போட்டுக் குடிக்கட்டாம். கூட்டாளி ஒருத்தன் போனில ஒரு விளம்பரம் காட்டினான். அமுக்கரா, நெருஞ்சில், பூனைக்காலி மூண்டும் சேர்ந்த கப்சூல், "30 நாளில் பலன்" எண்டு போட்டிருக்கு. ரெண்டையும் இன்னும் தொடங்கேல்ல.

இதுகள் உண்மையா வேலை செய்யுமா? எவ்வளவு காலம் எடுக்க வேணும்? பக்க விளைவு ஏதும் வருமா? டொக்டரிட்டச் சொல்லாம எடுக்கலாமா?

ஒண்டு சொல்ல வேணும். ஊரில ஆரும் என்னை ஒண்டும் கேக்கிறேல்ல. கோயில் திருவிழாவுக்குப் போனாலும், கலியாண வீட்டுக்குப் போனாலும், அவளத்தான் கேக்கிறாங்க. ரிப்போர்ட் என்ட பேரில இருக்கு எண்டது எங்க ரெண்டு பேருக்கும்தான் தெரியும். அதனாலதான் அவசரப்படுறன்.

கிண்ணியா மச்சான்:

மச்சான், பயப்படாதீங்க. என்ட நானாவுக்கும் இதே பிரச்சினதான். அமுக்கராத் தூளப் பாலும் தேனும் சேத்துக் குடிச்சாரு, சிகரட்ட விட்டாரு, அடுத்த வருசம் புள்ள கிடச்சிச்சு அல்ஹம்துலில்லாஹ். நம்மட வாப்பாமாரு காலத்துல எஸ்.எஃப்.ஏ. எண்டா ஆருக்குத் தெரியும்? மூலிகதான், வேற என்ன. நாட்டு மருந்துல பக்க விளைவு ஒண்டும் வராது, தைரியமாத் தொடங்குங்க.

நுணுக்குக்காட்டி:

தம்பைநகரான் தம்பி, நான் அரசாங்க ஆஸ்பத்திரி லாப்பில கன காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவ. இப்ப உவர்மலையில இருக்கிறன். உங்கட ரிப்போர்ட் மாதிரி ரிப்போர்ட்டுகளக் கையால எண்ணிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினதுதான் என்ட தொழில். கூச்சப்படாம வாசியுங்க, நானும் கூச்சப்படாம எழுதுறன்.

முதல்ல ரிப்போர்ட். உலக சுகாதார நிறுவனம் 2021இல திருத்தின கைநூலின்படி கீழ் எல்லை மில்லிலீற்றருக்கு 16 மில்லியன், அசைவு 42 வீதம், வடிவம் 4 வீதம். உங்கட மூண்டும் அதுக்குக் கீழதான். ஆனா அந்த எல்லை எப்பிடி வந்தது எண்டு தெரிஞ்சுகொள்ளுங்க. ஒரு வருசத்துக்குள்ள மனைவி கர்ப்பமான ஆம்பிளைகளின்ட விந்தை அளந்து, அதில ஆகக் குறைஞ்ச 5 வீதத்தினர் எங்க நிக்கிறாங்களோ அங்க கோடு போட்டிருக்கிறாங்க. அதாவது, கோட்டுக்குக் கீழ இருந்துகொண்டே தகப்பனானவங்களும் அந்தக் கணக்குக்குள்ள இருக்கிறாங்க. 9 மில்லியன் குறைவு. ஆனா அது பூச்சியம் இல்ல. பூச்சியம் எழுத வேண்டி வந்த நாளுகளில என்ட கை எப்பிடிக் கனத்தது எண்டு எனக்குத் தெரியும், அதனாலதான் இந்த வித்தியாசத்த அழுத்திச் சொல்லுறன்.

அடுத்தது, ஒரு ரிப்போர்ட்ட வச்சு ஒண்டும் முடிவெடுக்க ஏலாது. ஒரே ஆம்பிளையின்ட எண்ணிக்கை ஒரு மாசம் 40 மில்லியன், அடுத்த தரம் 12 மில்லியன் எண்டு வாறதில புதுமை ஒண்டுமில்ல. ரெண்டு நாளுக்குக் குறைஞ்ச இடைவெளியில குடுத்தா எண்ணிக்கை குறையும். ஏழு நாளுக்கு மேல போனா எண்ணிக்கை இருக்கும், அசைவு படுத்திடும். முதல்ல வாற துளியிலதான் விந்தணு கூட இருக்கும். அது போத்தலுக்கு வெளியில போயிட்டா மிச்சத்த எண்ணி என்ன பிரயோசனம்? இதெல்லாத்தையும் லாப்பில சொல்லித் தர வேணும். சொல்லாட்டி கேளுங்க. உங்களிட்ட எனக்கு முக்கியமான கேள்வி இது: டெஸ்டுக்கு முந்தின மூண்டு மாசத்துக்குள்ள உங்களுக்குக் கடுமையான காய்ச்சல் ஏதும் வந்ததா? யோசிச்சு எழுதுங்க.

ஏன் மூண்டு மாசம்? ஒரு விந்தணு விதைக்குள்ள உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள் எடுக்கும். அதுக்குப் பிறகு மேல இருக்கிற சுருள் குழாய்க்குள்ள கிடந்து நீந்தப் பழக இன்னும் ரெண்டு கிழமை மட்டில. நீங்க இண்டைக்கு என்ன குடிச்சாலும், என்னத்த விட்டாலும், அதின்ட பலன் பாதி வளர்ந்த அணுக்களில முழுசாத் தெரியாது. அந்தக் கப்சூல் விளம்பரத்தில "30 நாள்" எண்டு போட்டிருக்கு எண்டீங்க. அதை எழுதினவருக்கு விந்தணு எப்பிடி வளருது எண்டே தெரியாது. அந்த ஒரு வரியே எனக்குப் போதும்.

இப்ப அமுக்கரா. கிண்ணியாத் தம்பி சொன்னதில உண்மை இருக்கு, ஆனா முழு உண்மை இல்ல. மனிதரில செய்த ஆய்வு இருக்கு. இந்தியாவில 2013இல வெளிவந்த ஒண்டில விந்தணு குறைஞ்ச 46 ஆம்பிளைகள எடுத்தாங்க. 21 பேருக்கு அமுக்கரா வேரின்ட செறிவான சாறு, ஒரு நாளைக்கு 675 மில்லிகிராம், மூண்டு வேளையாப் பிரிச்சு 90 நாள். மற்ற 25 பேருக்கு மருந்தில்லாத வெறும் கப்சூல். மருந்தெடுத்தவங்களுக்குத் தொடக்கத்தில சராசரி எண்ணிக்கை மில்லிலீற்றருக்கு 9.59 மில்லியன். தம்பி, அது கிட்டத்தட்ட உங்கட இலக்கம்தான். 90 நாள் முடிய 25.61 மில்லியன். அசைவு 18.62 வீதத்திலிருந்து 29.19 வீதம். வெறும் கப்சூல் எடுத்தவங்களில அப்பிடி ஒரு ஏற்றமில்ல.

அதுக்கு முதல், 2010இல லக்னோவில இருந்து வந்த ஆய்வில 75 பேருக்கு வேரைத் தூளாக்கி ஒரு நாளைக்கு 5 கிராம் பாலில குடுத்து மூண்டு மாசம் பார்த்தாங்க. எண்ணிக்கையும் அசைவும் கூடினது மட்டுமில்ல, டெஸ்டொஸ்டிரோன் எண்ட ஆண் ஹோர்மோன் கூடி, பால் சுரக்க வைக்கிற புரோலக்டின் எண்ட ஹோர்மோன் குறைஞ்சும் இருந்திருக்கு. விந்தணுவின்ட தோல் கொழுப்பால ஆனது. ஒட்சியேற்றம் எண்டு சொல்லுற தாக்கத்தில அது சுலபமா உடையும். அமுக்கரா அந்தத் தாக்கத்தக் குறைக்குது, மன அழுத்த ஹோர்மோனையும் கொஞ்சம் இறக்குது எண்டதுதான் அவங்க குடுக்கிற விளக்கம்.

இதை வாசிச்ச உடன பொட்டலத்தத் திறந்திடாதீங்க. 21 பேர் எண்டது சின்னக் கூட்டம். இந்த ஆய்வுகள் எண்ணிக்கையத்தான் அளந்தது, எத்தனை பேர் வீட்டில பிள்ளை பிறந்தது எண்டதை நிறுவேல்ல. மற்றது, இன்ன காரணம் எண்டு பிடிபடாமக் குறைஞ்சிருக்கிறவங்களுக்குத்தான் இப்பிடியான பலன எதிர்பார்க்கலாம். விதைப்பையில நாளம் புடைச்சிருந்தா, வெரிக்கோசீல் எண்டு சொல்லுறது, அமுக்கரா அந்த நாளத்த ஒண்டும் செய்யாது. பிள்ளை இல்லாத பிரச்சினையோட வாற ஆம்பிளைகளில மூண்டில ஒருத்தருக்கு மேல அது இருக்கு. கையால தொட்டுப் பார்த்தே டொக்டர் கண்டுபிடிப்பார். சின்ன வயசில கூகைக்கட்டு விதைக்கு இறங்கினது, விதை இறங்காம இருந்தது, குழாய் அடைபட்டது, இதுகளுக்கும் வேர்த்தூள் மருந்தில்ல. உங்களத் தொட்டுச் சோதிச்சவங்களா? நீங்க எழுதினதில அது இல்ல. ரிப்போர்ட்ட மட்டும் பார்த்து விற்றமின் எழுதினா, அடுத்த முறை நீங்களே வாய் திறந்து கேளுங்க.

நெருஞ்சில்: முள்ளு எங்கட காணி முழுக்கக் கிடக்கு, டெஸ்டொஸ்டிரோன் கூட்டும் எண்டு உலகம் முழுக்க விக்கிறாங்க. 2005இல வந்த ஆய்வொண்டில 21 இளைஞர்கள நாலு கிழமை பார்த்ததில ஹோர்மோன் அசையவே இல்ல.

"நாட்டு மருந்தில பக்க விளைவு வராது" எண்டதை நான் ஏற்கமாட்டன். சீனாவில சில கிராமங்களில சுத்திகரிக்காத பருத்தி விதை எண்ணெயில சமைச்சாங்க, அங்க பிள்ளை பிறக்கிறது நிண்டுபோனது. அதிலிருந்து கொசிப்போல் எண்ட பொருளப் பிரிச்சு, 1970களில ஆயிரக்கணக்கான ஆம்பிளைகளுக்குக் கருத்தடைக் குளிசையாக் குடுத்துப் பார்த்தாங்க. விந்தணு நல்லாவே குறைஞ்சது. ஆனா சிலருக்குப் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு விழுந்தது. சிலருக்கு மருந்த நிப்பாட்டின பிறகும் விந்தணு திரும்பி வரவே இல்ல. கடைசியில அந்த முயற்சிய உலக சுகாதார நிறுவனமே கைவிட்டது. பப்பாசி விதை, வேம்பு ரெண்டும் விலங்குகளில விந்தணுவக் குறைச்சிருக்கு. ஒரு செடிக்குக் கூட்டுற சக்தி இருந்தா, இன்னொரு செடிக்குக் குறைக்கிற சக்தியும் இருக்கும். மருந்தெண்டு நம்பினா மருந்துக்குரிய மரியாதையோட எடுக்க வேணும்.

அமுக்கராவாலயும் சிலருக்கு ஈரல் பாதிச்சுக் கண் மஞ்சளாகி வந்தது உலக மருத்துவ இதழ்களில பதிவாகியிருக்கு. தைரொயிட் ஹோர்மோனக் கூட்டும். தைரொயிட், சீனி, பிறஷர், நித்திரைக் குளிசை எடுக்கிறவங்க டொக்டரிட்டச் சொல்லாம எடுக்கவே கூடாது. உங்கட நாலாவது கேள்விக்கு என்ட பதில் அதுதான்: சொல்லுங்க. திட்டினாலும் பரவாயில்ல, சொல்லுங்க.

அந்தக் கப்சூலத் தொடாதீங்க. "முழுக்க மூலிகை" எண்டு எழுதின ஆண்மைக் கப்சூல்களுக்குள்ள சில்டெனாபில் (வயாகராவில இருக்கிற மருந்து) ஒளிச்சுப் போட்டிருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திரும்பத் திரும்பப் பிடிச்சிருக்கு. நெஞ்சு வருத்தத்துக்கு நைத்திரேட் எடுக்கிற ஒருத்தர் அதைத் தெரியாம விழுங்கினா உயிருக்கே ஆபத்து. ஈயம், பாதரசம் இன்னொரு பக்கம். 2004இல பொஸ்டன் கடைகளில வாங்கின 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளச் சோதிச்சதில 14இல ஈயம், பாதரசம், ஆசனிக்கில ஏதோ ஒண்டு இருந்தது. ஈயம் விந்தணுவைப் பாதிக்கிற பொருள். பிள்ளைக்கெண்டு காசு குடுத்து வாங்கி அதையா விழுங்கிறது?

கடைசியா உங்கட தொழில். விதைப்பை உடம்புக்கு வெளியில தொங்குறதே சூடு ஆகாது எண்டதாலதான். உடம்பை விட ரெண்டு மூண்டு பாகை குளிரா இருந்தாத்தான் அணு விளையும். வெட்டு மெசினில எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில விடியத் தொடங்கி இருட்டும் வரை இருக்கிறீங்க. வயலுக்குப் பூச்சி எண்ணெய் அடிக்கிறதும் நீங்கதானே? வெறும் மேலோட, சாரத்த மடிச்சுக் கட்டிக்கொண்டு, முதுகில டாங்கியக் கொழுவிக்கொண்டு அடிக்கிறதை நான் தம்பலகாமத்து வரம்பில பார்த்தனான். 1977இல கலிபோர்னியாவில டி.பி.சி.பி. எண்ட, பயிரைத் தாக்குற நூற்புழுவக் கொல்லுற மருந்து செய்யிற தொழிற்சாலையில வேலை செய்த ஆம்பிளைகள், தங்களுக்குள்ள ஒருத்தருக்கும் பிள்ளை பிறக்கேல்ல எண்டு கதைச்சுப் பார்த்துத்தான் விசயம் வெளிய வந்தது. சோதிச்சா பலருக்கு விந்தணுவே இல்ல. நீங்க அடிக்கிறது அந்த மருந்தில்ல. எண்டாலும் நீளக் காற்சட்டை, நீளக் கை, கையுறை, முகக்கவசம், வேலை முடிஞ்ச உடன சோப் போட்டுக் குளிப்பு, உடுப்ப வேறயாத் தோய்க்கிறது, இவ்வளவும் இந்த நெற்போகத்திலிருந்தே தொடங்க ஏலும். சிகரட், சாராயம், புகையிலை போட்ட வெத்திலை இருந்தா அதையும் விடுங்க. கிண்ணியாத் தம்பியின்ட நானாவுக்கு அமுக்கராவா சிகரட்ட விட்டதா கை குடுத்தது எண்டு ஆருக்கும் சொல்ல ஏலாது. என்ட எண்ணம், சிகரட்டுக்குப் பெரிய பங்கு இருக்கு.

உங்கட மனுசியப் பற்றி. என்ட மேசைக்கு வந்த பொம்பிளைகளின்ட கையில தடிச்ச ஃபைல் இருக்கும். ஸ்கான், ரத்தம், எக்ஸ்ரே, ஏன் சத்திரசிகிச்சை கூட. புருசன்ட ஒரு தாள் இராது. ஒரு சின்னப் போத்தலில முடியிற டெஸ்டுக்கு ஆம்பிளை வராமல், வருசக்கணக்கா அந்தப் பிள்ளையள் ஊசி குத்துப்பட்டதைப் பார்த்து நான் ஆத்திரப்பட்டிருக்கிறன், இப்பவும் ஆத்திரம்தான். 2023இல உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கில, வாழ்நாளில ஆறு பேருக்கு ஒருத்தர் இந்தப் பிரச்சினையக் காணுறாங்க. அதில அரைவாசிச் சோடிகளில ஆம்பிளைக்கும் பங்கு இருக்கும். நீங்க டெஸ்ட் எடுத்தது நல்ல காரியம். அடுத்த கலியாண வீட்டில ஆராவது அவவக் கேட்டா, பக்கத்தில நிண்டு "வைத்தியம் எனக்குத்தான் நடக்குது" எண்டு நீங்க சொல்லுங்க. அதுக்கு மூண்டு மாசம் காத்திருக்கத் தேவையில்ல.

மருந்துரல்:

அக்கா எழுதினதுக்கு நன்றி. நான் கோணேசபுரி வளாகத்தில சித்த மருத்துவம் படிச்சு வெளிய வந்தனான். எங்கட பக்கத்தால சில விசயங்களச் சொல்ல வேணும்.

தம்பைநகரான் அண்ணா, உங்களிட்ட இருக்கிறது அமுக்கரா வேர்த்தூளா, அமுக்கரா சூரணமா? ரெண்டும் ஒண்டில்ல. சூரணத்தின்ட முறை இது: கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. மொத்தம் 255 பங்கு. அதில அமுக்கரா காற்பங்கு, சர்க்கரை அரைப்பங்கு. 5 கிராம் சூரணம் சாப்பிட்டா உடம்புக்குள்ள போற அமுக்கரா ஒண்டேகால் கிராம்தான். அக்கா சொன்ன லக்னோ ஆய்வில குடுத்தது 5 கிராம் தனி வேர். 2013 ஆய்வில குடுத்தது செறிவாக்கின சாறு. அந்த ஆய்வின்ட இலக்கத்தக் காட்டி இந்தச் சூரணத்த விக்கிறவங்க இருக்கிறாங்க, அது சரியில்ல. சீனி வருத்தம் உள்ளவங்களுக்கு அந்தச் சர்க்கரையும் கவனிக்க வேண்டியது. அதுக்காகச் சூரணத்தக் குறைச்சு மதிக்காதீங்க. சுக்கும் திப்பிலியும் மிளகும் சேர்ந்தா செரிமானம் நல்லா இருக்கும், மருந்து உடம்பில சேரும் எண்டதுதான் அந்தக் கூட்டின்ட நோக்கம். சித்தத்தில அது உடம்பு தேற்றுற மருந்து. எண்ணிக்கைக்கெண்டு மட்டும் செய்த மருந்தில்ல.

அமுக்கராவச் சுத்திகரிக்காம நாங்க பாவிக்கிறேல்ல. தூளாக்கி, பாலில பிட்டவியல் செய்து (பிட்டு மாதிரி ஆவியில அவிச்சு), காயவச்சு, திரும்ப இடிச்சுச் சலிக்க வேணும். பூனைக்காலி விதையையும் பாலில அவிச்சுத் தோல் நீக்கித்தான் எடுக்கிறது. பூனைக்காலிக்கும் லக்னோவில 2009இல வந்த ஆய்வு இருக்கு, அதுவும் ஒரு நாளைக்கு 5 கிராம் விதைத்தூள், மூண்டு மாசம். ஆனா அந்த விதைக்குள்ள எல்-டோபா எண்ட பொருள் இருக்கு, நடுக்குவாதத்துக்கு ஆங்கில வைத்தியத்தில குடுக்கிற அதே பொருள். மனநோய்க்கு மருந்தெடுக்கிற ஒருத்தர் அதைத் தானாத் தொட்டா பிரச்சினை வரும். மூண்டு மூலிகைய ஒரு கப்சூலில அடைச்சு எல்லாருக்கும் ஒரே அளவு விக்கிறதுக்கும் சித்த மருத்துவத்துக்கும் சம்பந்தமில்ல.

வேர் எண்டதையும் பாருங்க. மலிவுக்கு அமுக்கரா இலையையும் சேர்த்துச் சாறு எடுக்கிறாங்க. இலையில வித்தபெரின் எண்ட பொருள் கூட, அது உயிர்க்கலங்களுக்கு நஞ்சு. 2021இல பாரம்பரிய வைத்தியத்தப் பார்க்கிற இந்திய ஆயுஷ் அமைச்சே இலையப் பாவிக்க வேண்டாம் எண்டு தயாரிப்பாளர்களுக்கு அறிவிச்சது. லேபிளில "வேர்" எண்டு எழுதியிருக்கா எண்டு பாருங்க. ஒண்டும் எழுதாத பொட்டலமெண்டா வாங்காதீங்க.

எங்க போறது எண்டா, கப்பல்துறையில அரசாங்க ஆயுர்வேத வைத்தியசாலை இருக்கு, உங்களுக்குப் பெரிய தூரமில்ல. தனியாப் பார்க்கிறதெண்டா ஆயுர்வேத மருத்துவ சபையில பதிவு உள்ளவரா எண்டு கேளுங்க, 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தில இருந்து அந்தப் பதிவு நடக்குது. எஸ்.எஃப்.ஏ. ரிப்போர்ட்டக் கையில கொண்டு போங்க. நாடி பார்த்தாலும் நாங்களும் அந்தத் தாள வாசிக்கப் படிச்சவங்கதான்.

கிண்ணியா மச்சான்:

அக்கா, நானாட்ட கேட்டன். அவரும் டொக்டர்ட குளிசையும் சேத்துத்தான் எடுத்தாராம், அத எனக்குச் சொல்லல. ஈரல் விசயம் எனக்குத் தெரியாது. சிகரட்ட விட்டதுதான் பெரிய வேல எண்டு மைனியும் சொல்றாங்க.

தம்பைநகரான்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. ராத்திரி மனுசியையும் பக்கத்தில வச்சுக்கொண்டு முழுக்க வாசிச்சன்.

அக்கா, காய்ச்சல் கேட்டீங்க. டெஸ்ட் குடுக்க ஒண்டரை மாசத்துக்கு முதல் எனக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில கிடந்தனான், காய்ச்சல் 103க்குக் கீழ இறங்காம நிண்டது. லாப்பில ஆரும் கேக்கேல்ல, டொக்டரிட்ட நானும் சொல்லேல்ல. அதுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்குமெண்டு ஆர் நினைச்சது? சோதிக்கேக்க கையால தொட்டுப் பார்க்கேல்ல எண்டதும் உண்மை.

தம்பி மருந்துரல், பொட்டலத்தில "அமுக்கரா சூரணம்" எண்டு மட்டும் இருக்கு. கம்பனி பேரும் இல்ல, திகதியும் இல்ல.

இப்ப என்ன செய்ய? சூரணத்த இப்பவே தொடங்கட்டா, டெஸ்டுக்குப் பிறகா? மற்றது, வீட்டில எடுத்து பஸ்ஸில கொண்டு போகலாமா? போன தரம் லாப்பில குடுக்கேக்க வெளியில ஆக்கள் இருந்தாங்க, எனக்கு சரியான வெக்கமாப் போட்டுது.

நுணுக்குக்காட்டி:

டெங்கா! தம்பி, இதை முதல்ல டொக்டரிட்டச் சொல்லுங்க. அவ்வளவு காய்ச்சல் அடிச்சா அந்த நேரம் விளைஞ்சுகொண்டிருந்த அணுவெல்லாம் அடிபடும், எண்ணிக்கையும் அசைவும் விழுந்து ரெண்டு மூண்டு மாசம் அப்பிடியே நிக்கும். உங்கட 9 மில்லியன் காய்ச்சலின்ட இலக்கமாக் கூட இருக்கலாம். இருக்கலாம் எண்டுதான் சொல்லுறன், அடுத்த டெஸ்ட்தான் சொல்லும்.

அதனால இப்ப அமுக்கரா தொடங்க வேண்டாம். தொடங்கி எண்ணிக்கை கூடினா, காய்ச்சல் ஆறினதால கூடினதா, மருந்தால கூடினதா எண்டு உங்களுக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது. நல்லாத் தானா ஏறின ஒண்டுக்காக வருசக்கணக்கா ஒரு மருந்த விழுங்கிக்கொண்டிருப்பீங்க. டெங்கு வந்த ஈரலுக்கு உடன இன்னொரு சுமையும் வேண்டாம். பேரும் திகதியும் இல்லாத பொட்டலத்த மாமாவுக்கு மரியாதையா நன்றி சொல்லி ஒரு பக்கம் வையுங்க. டொக்டர் சொன்ன மூண்டு மாசம் முடிய, போன தரம் குடுத்த அதே லாப்பில குடுங்க. அந்த ரெண்டாவது ரிப்போர்ட்டும் குறைவா வந்து, தொட்டுச் சோதிச்சு நாளப் புடைப்பு இல்லையெண்டும் கண்டா, அப்ப அமுக்கராவப் பற்றி டொக்டரிட்டயும் சித்த வைத்தியரிட்டயும் கதையுங்க. ஈரல் பரிசோதனை ஒண்டு செய்து பார்த்து, நல்ல வேர்த்தூளா எடுத்து, மூண்டு மாசத்தால மூண்டாவது எஸ்.எஃப்.ஏ. எடுத்தா, அது வேலை செய்ததா இல்லையா எண்டு உங்களுக்கே தெரியும். எண்ணிக்கை 5 மில்லியனுக்குக் கீழ வந்தா மட்டும் காத்திருக்க வேண்டாம். ஹோர்மோன், மரபணு டெஸ்டுகளுக்கு டொக்டர் அனுப்பலாம், அது வேற பாதை.

தம்பலகாமத்திலிருந்து பஸ்ஸில கொண்டு வர வேண்டாம். எடுத்து அரை மணித்தியாலத்துக்குள்ள லாப்புக்கு வந்தா நல்லது, ஒரு மணித்தியாலத்த எப்பிடியும் தாண்டக் கூடாது. பஸ்ஸுக்கு நிக்கிற நேரமே அது போயிடும். லாப்பிலேயே குடுங்க. ஆக்கள் குறைஞ்ச நேரம் எது எண்டு முதல் நாள் போன் எடுத்துக் கேளுங்க, கேக்கிறதில பிழையில்ல. மனுசியக் கூட்டிக்கொண்டு போறதும் நல்லம், உள்ள விடச் சொல்லிக் கேக்கலாம். ஏலவே ஏலாதெண்டா டவுனில சொந்தக்காரர் வீட்டில எடுத்து, போத்தல உடம்போட ஒட்டின பொக்கற்றில வச்சு, குளிரவிடாமக் கொண்டு வாங்க. எடுக்கேக்க சோப், எண்ணெய், எச்சில் ஒண்டும் பாவிக்கக் கூடாது, இதுகள் அணுவைப் பாதிக்கும். கடையில விக்கிற ஆணுறையும் வேண்டாம். போத்தல் லாப்பில தந்ததா இருக்க வேணும்.

கடைசி உறவுக்கும் டெஸ்டுக்கும் இடையில ரெண்டு நாளுக்குக் குறையாம, ஏழு நாளுக்குக் கூடாம விடுங்க. போன தரம் எத்தனை நாள் விட்டீங்களோ, இந்தத் தரமும் அதே அளவு. எடுத்த நேரத்தப் போத்தலில எழுதுங்க. ஏதும் துளி வெளிய போயிருந்தா மறைக்காமச் சொல்லுங்க, எண்ணுறவருக்கு அது கட்டாயம் தெரிய வேணும். டெஸ்டுக்கு முதல் திரும்பக் காய்ச்சல் அடிச்சா திகதியத் தள்ளிப்போடுங்க.

ரிப்போர்ட் வந்த உடன இங்க போடுங்க. நான் பார்க்கிறன்.